கடைசி நிமிட ஹாப்ஸ்: கேள்வி பதில்

ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) தூக்கலாக இருக்கும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகை பியரை வீட்டில் காய்ச்சுகிறவர்கள் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். கணக்கு எல்லாம் 20 லிட்டர் பியருக்கு.

கேள்வி: செய்முறையில் ஹாப்ஸுக்கு எதிரே 60, 15, 5, 0 என்று நிமிடக் கணக்கு இருக்கிறது. கொதி வந்து எத்தனையாவது நிமிடம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது, அது தலைகீழ்க் கணக்கு. கொதியை நிறுத்த இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 60 என்றால் ஒரு மணி நேரக் கொதியின் தொடக்கம், 0 என்றால் அடுப்பை அணைத்த கணம். இதை மாற்றிப் புரிந்துகொண்டால் வாசனைக்குப் போட்ட ஹாப்ஸ் எல்லாம் கசப்பாகிவிடும்.

கேள்வி: ஹாப்ஸ் அதே ஹாப்ஸ்தானே? முதலில் போட்டால் என்ன, கடைசியில் போட்டால் என்ன?

ஹாப்ஸுக்குள் நமக்கு வேண்டிய பொருள்கள் இரண்டு. ஒன்று ஆல்ஃபா அமிலம். அது அப்படியே இருந்தால் வோர்ட்டில் (முளைகட்டிய தானியமான மால்ட்டின் இனிப்புச் சாறு) சரியாகக் கரையாது, பெரிதாகக் கசக்கவும் செய்யாது. கொதியில் அதன் அமைப்பு மாறி ஐசோ ஆல்ஃபா அமிலமாகும்போதுதான் கரைந்து கசப்பைத் தருகிறது. இதற்கு நேரம் வேண்டும்.

இன்னொன்று எண்ணெய்கள். மிர்சீன், லினலூல், ஜெரானியால் போன்றவை. பிசின், பூ, பழத் தோல் என்று நாம் முகர்ந்து மகிழ்வதெல்லாம் இவற்றின் வேலை. இவை கொதிநீரின் ஆவியோடு சேர்ந்து பறந்துவிடும். மிர்சீன் தனியாகக் கொதிக்க 160 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனாலும் நீராவி அதைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. காய்ச்சும்போது வீடெல்லாம் மணக்கிறது என்றால், பியரில் இருக்க வேண்டிய மணம் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கசப்புக்கு நேரம் தேவை, வாசனைக்கு நேரமே எதிரி. நான் முதலில் காய்ச்சிய ஐபிஏவில் நல்ல ஹாப்ஸ் 60 கிராமையும் தொடக்கத்திலேயே போட்டேன். நாக்கை இழுக்கும் கசப்பு வந்தது, மூக்குக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எடையைக் கடைசிப் பக்கம் தள்ளித்தான் காய்ச்சுகிறேன்.

கேள்வி: எல்லாவற்றையும் கடைசியில் போட்டால் கசப்பே இல்லாமல் போகாதா?

போகாது, அளவைக் கூட்டினால் சரி. ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் என்பதுதான் ஏறக்குறைய ஐபியு, அதாவது கசப்பின் அளவு. 10 சதவீத ஆல்ஃபா அமிலம் உள்ள ஹாப்ஸ் 30 கிராம் என்றால் 3,000 மில்லிகிராம் அமிலம். வோர்ட்டின் தொடக்க அடர்த்தி 1.050 என்று வைத்து கசப்பைக் கணக்கிடும் டின்செத் சூத்திரத்தில் போட்டால், 60 நிமிடக் கொதியில் அதில் 23 சதவீதம் பியருக்கு வரும். 20 லிட்டரால் வகுத்தால் சுமார் 35 ஐபியு. அதே 30 கிராமை 15 நிமிடம் இருக்கும்போது போட்டால் சரிபாதி, 17. ஐந்து நிமிடத்தில் போட்டால் 7தான்.

அதாவது ஐந்து நிமிடம் இருக்கும்போது 150 கிராம் போட்டால் அதே 35 கிடைத்துவிடுகிறது, கூடவே ஐந்து மடங்கு ஹாப்ஸின் வாசனையும். செலவு கூடத்தான். இந்த வகை பியரில் அந்தச் செலவைக் குறைக்க நினைக்க வேண்டாம் என்பது என் கருத்து. சிறு அளவு தொடக்கத்தில் போட்டுக் கசப்புக்கு அடித்தளம் இட்டுவிட்டு, மீதியைக் கடைசிக்கு வைப்பதும் நல்ல வழிதான்.

கேள்வி: அடுப்பை அணைத்த பின் போட வேண்டியதை உடனே போடலாமா, ஆறவிட்டா?

80 டிகிரிக்கு இறக்கிவிட்டுப் போடுங்கள். 20 முதல் 30 நிமிடம் ஊறட்டும், நடுவில் இரண்டு மூன்று முறை மெதுவாகக் கலக்கிவிடுங்கள். கொதி அடங்கியதும் போட்டால் அந்தச் சூட்டிலும் கசப்பு ஏறிக்கொண்டே இருக்கும். பெரிய பாத்திரம் மெதுவாகத்தான் ஆறும், அதனால் கணக்குக்கு மேல் கசந்துவிடும். 80க்குக் கீழே அந்த மாற்றம் மிகவும் மந்தமாகிவிடுகிறது, எண்ணெயும் தங்குகிறது.

கேள்வி: அந்த நேரத்தில் பாத்திரத்தை மூடலாமா?

மூடலாம். கொதிக்கும்போதுதான் மூடக் கூடாது. மால்ட்டிலிருந்து வரும் வேகவைத்த சோளம் போன்ற வாடை ஆவியோடு வெளியே போயாக வேண்டும்.

கேள்வி: நொதித்தல் முடிந்து டிரை ஹாப்பிங் (ஆறிய பியரிலேயே ஹாப்ஸை ஊறவைப்பது) செய்தேன். பாட்டிலில் அடைத்த இரண்டு வாரத்தில் திறந்தால் பீய்ச்சி அடிக்கிறது. பாட்டிலில் நுரைக்காகப் போடும் சர்க்கரையை அளந்துதான் போட்டேன்.

தவறு சர்க்கரையில் இல்லாமல் இருக்கலாம். ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட டெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளை அவை உடைத்துச் சர்க்கரையாக்கித் தருகின்றன. ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்குகிறது. பிரௌன், மாரிஸ் என்ற இங்கிலாந்து வேதியியலாளர்கள் 1893-லேயே இதை எழுதிவைத்தார்கள்.

எனவே ஹாப்ஸ் போட்டதும் அடர்த்தியை மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண் வந்தால்தான் பாட்டில். வெண்ணெய் வாடை அடித்தால் இன்னும் சில நாள் விடுங்கள், ஈஸ்ட்டே அதைத் தின்றுவிடும். இப்போது அடைத்து வைத்திருப்பவற்றை உடனே குளிரில் வையுங்கள், திறக்கும்போது துணி சுற்றித் திறங்கள். கண்ணாடி வெடித்தால் காயம் பலமாகப் படும்.

அளவு கேட்டால், லிட்டருக்கு 5 கிராம், மூன்று நாள். அதற்கு மேல் ஊறினால் பச்சைப் புல் சுவை தட்டும்.

கேள்வி: முதல் வாரம் பொன்னிறம், பழ மணம். ஒரு மாதத்தில் பழுப்பாகி, நனைந்த அட்டை போல ஆகிவிட்டது.

ஆக்சிஜன். இவ்வளவு உழைத்துச் சேர்த்த வாசனையை இது பறித்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு இன்றும் வலிக்கும். ஈஸ்ட் போடும்போது காற்று தேவை, நொதித்தல் தொடங்கிய பின் ஒரு துளி காற்றும் வேண்டாம். பாட்டிலுக்கு மாற்றும்போது குழாயின் நுனி அடியைத் தொட்டபடி இருக்கட்டும், சலசலவென்று விழக் கூடாது. பாட்டில் கழுத்தில் காலி இடத்தைக் குறைவாக விடுங்கள். குளிரில் வைத்துச் சீக்கிரம் குடியுங்கள். வெயில் படாத பழுப்புப் பாட்டில் வேண்டும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருளே ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றமாக மாறும்.

கேள்வி: முதல் முறைக்கு எந்த ஹாப்ஸ்?

காஸ்கேட். 1972-இல் வெளிவந்த அமெரிக்க ரகம். கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் போன்ற பழம்) தோல் போன்ற மணம், கொஞ்சம் கூடக்குறையப் போட்டாலும் பியரைக் கெடுக்காது. அப்புறம் சென்டெனியல், சிட்ரா என்று போகலாம். எதுவானாலும் பொட்டலத்தைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். சீஸ் வாடை வந்தால் பழசு, கடைசி நிமிடத்துக்கு அது உதவாது.

கேள்வி: மிஞ்சிய ஹாப்ஸ் சக்கையைச் செடிக்குப் போடலாமா?

நாய் வளர்க்காத வீடென்றால் போடலாம். நாய்க்கு ஹாப்ஸ் நஞ்சு, காய்ச்சிய சக்கையும் அப்படித்தான். உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகும். நாய் இருந்தால் பையில் கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். தின்றுவிட்டது என்று தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.