முதல்நிலை மருத்துவர் என்பவர் யார்? நோயே இல்லாதபோது அவர் எதற்கு?

உடம்புக்கு என்ன வந்தாலும் முதலில் போய்ப் பார்க்கிற, நம்மை வருடக்கணக்காகத் தெரிந்த பொது மருத்துவர்தான் முதல்நிலை மருத்துவர். மருத்துவ அமைப்புக்கு இந்த முதல்நிலைக் கவனிப்பே அடித்தளம் என்று 1978-லேயே கஜகஸ்தானின் அல்மா-அட்டா நகரில் நடந்த சுகாதார மாநாட்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டதோடு சரி, பல இடங்களில்!

நோயே இல்லாதபோதும் அவர் தேவை என்பதற்குக் காரணம் எளிது. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியோ அறிகுறியோ காட்டாது, சத்தமில்லாமல் ரத்தக் குழாய்களைக் கெடுத்துவிட்டு ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கும். கையில் பட்டை சுற்றிச் சில நிமிடங்கள் அளந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். போன வருட அளவும் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்பதும் தெரிந்த மருத்துவருக்கு சின்ன ஏற்றம்கூட உறுத்தும், புதிதாகப் பார்ப்பவருக்கு அது வெறும் எண்.

வண்டிக்கு ஆயில் மாற்றுவது போலத்தான். அதை விட்டுவிட்டால் அப்புறம் இஞ்சினையே பிரிக்க வேண்டும். ஆனால் செய்த சிகிச்சைக்கு மட்டும் கட்டணம் என்கிற அமைப்பில், வராமல் தடுத்த பக்கவாதத்துக்கு யார் பில் போடுவது? மாற வேண்டியது முதலில் அதுதான் என்பேன்.

அப்புறம், தடுப்பு என்றால் கண்ணில் படும் டெஸ்ட்டையெல்லாம் எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள்; வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் தேவையான சில பரிசோதனைகளே போதும், மற்றவை வீண் பயத்தையும் தேவையில்லாத சிகிச்சையையும்கூடக் கொண்டுவரலாம்.