கொலையாளியை நடுவழியில் விட்டுவிட்டுத் தூங்குவது எப்படி?

ராத்திரி துப்பறியும் நாவலை எடுத்தால் வைக்க முடியவில்லை, வைத்தாலும் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் இதே கதைதான். அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்தாதீர்கள். அங்கேதான் கதவு தட்டப்படும், போன் அடிக்கும். பக்கத்தைப் புரட்டாமல் கை சும்மா இருக்காது. நடுவில், இன்ஸ்பெக்டர் சாவகாசமாக மூக்குக்கண்ணாடி துடைக்கும் பத்தியில் மூடிவிடுங்கள். பிறகு 20 நிமிடம் வண்ணம் தீட்டுங்கள். கலர் பென்சிலை அழுத்தாமல், மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூசினால் நிறம் தானாக ஏறும், விரலும் வலிக்காது. சுடோகு மட்டும் படுக்கையில் வேண்டாம். 81 கட்டத்தில் ஒன்று தப்பினாலும் மூளை விடியவிடிய அதையே நோண்டும் (அனுபவம்!). ஜிக்சா (துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர்) பரவாயில்லை, ஓரத்துண்டுகளைப் பொறுக்கி வைத்துவிட்டு எழுந்துவிடலாம்.