வயதான நோயாளியின் அன்றாடச் செயல்பாடு: கேள்வி பதில்

முதியோர் வார்டில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். அந்த வேலை சம்பந்தமாக என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி: சிஸ்டர், கட்ஸ், பார்தெல் இரண்டில் எந்த அளவுகோல் நல்லது? (நர்சிங் மாணவி)

பதில்: நோயாளி அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்கிறார் என்று அளப்பவை இரண்டும். கட்ஸ் 1963-ல் வந்தது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறே விஷயம். சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் சின்ன முன்னேற்றம் அதில் தெரியாது. 1965-ல் வந்த பார்தெல் நடை, படி ஏறுவது எல்லாம் சேர்த்துப் பத்து விஷயம் பார்க்கும், மொத்தம் 100. ஒரே ஆளை வாரா வாரம் பார்க்க எனக்கு அதுதான் பிடிக்கும்.

எதை எடுத்தாலும், நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் அவர் எப்படி இருந்தார் என்று வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனியாக வெளியே போய்வந்தவருக்கு இப்போது பார்தெலில் 60 என்றால் பெரிய வீழ்ச்சி. முன்பே 55-ல் இருந்தவருக்கு அதே 60 நல்ல சேதி.

கேள்வி: அப்பாவுக்கு பார்தெலில் 90 போட்டிருக்கிறார்கள். வீட்டில் தனியாக விடலாமா?

பதில்: அந்த 90-ஐ வைத்து முடிவு செய்யாதீர்கள், தம்பி. சமைப்பது, மருந்தை வேளைக்கு எடுப்பது, பணம் கையாள்வது, போன் பேசுவது எதையும் பார்தெல் கேட்பதில்லை. 100 வாங்கினாலும் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை என்று அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த வேலைகளுக்கு லாட்டன் அளவுகோல் இருக்கிறது, 1969-லிருந்து. இன்றைக்கே அப்பாவிடம் மருந்துகளைக் கொடுத்து, நாளைக் காலைக்கு உரியதைப் பிரித்து வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எத்தனை மதிப்பெண் இருந்தால் டிஸ்சார்ஜ் செய்யலாம்?

பதில்: அப்படி ஓர் எண் கிடையாது. வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: அம்மா நேற்றுவரை நடந்தார். இன்று ஸ்பூனைக்கூடப் பிடிக்கவில்லை, பேச்சும் குழறுகிறது. வயசாகிவிட்டது என்கிறார்கள்.

பதில்: ஒரே நாளில் யாருக்கும் வயசாகாது. இப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பக்கவாதமா என்று உடனே பார்க்க வேண்டும். இல்லையென்றால் டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பமாக இருக்கலாம். நோய்த்தொற்று, புது மருந்து, வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு என்று அதற்குப் பல காரணம். இன்றைய நிலையை அவருடைய வழக்கமான நிலை என்று யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தூக்க மாத்திரையைக் குறைக்கலாமா?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எந்த அளவுகோல் சிறந்தது?

பதில்: முதல் கேள்விக்குச் சொன்னதேதான். இரண்டு வாரம் முன்னால் எப்படி இருந்தார் என்று கேட்டீர்களா?

கேள்வி: நோயாளியைக் கேட்டு எழுதினால் போதாதா? (வார்டு நர்ஸ்)

பதில்: போதாது. "சட்டை போடுவேன்" என்பார். பட்டனில் விரல் நின்றுவிடும். கண்ணாடி, காதுக்கருவி, அவருடைய செருப்பு எல்லாம் கொடுத்துவிட்டு, செய்யச் சொல்லிப் பாருங்கள். முடியும் என்பது வேறு, தினமும் செய்கிறார் என்பது வேறு. பார்தெல் கேட்பது இரண்டாவதை.

கேள்வி: சொல்வது சுலபம், சிஸ்டர். அவர் ஒரு சட்டை போடும் நேரத்தில் நான் மூன்று பேருக்குப் போட்டுவிடுவேன். விழுந்தால் கேள்வி எங்களுக்குத்தானே? (அதே நர்ஸ்)

பதில்: உங்கள் கஷ்டம் தெரியும். நானும் அவசரத்தில் ஊட்டிவிட்டிருக்கிறேன், நடக்கக்கூடியவருக்கு பெட்பேன் வைத்திருக்கிறேன். ஆனால் ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்க வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ சதை குறைந்தது. விழக் கூடாது என்று படுக்க வைத்தால் கால் தளர்ந்து, எழும் அன்றைக்கு விழுவார். தேவையில்லாமல் மாட்டும் சிறுநீர்க் குழாயும் அப்படித்தான், ஆளைக் கட்டிலோடு கட்டிவிடும்.

கேள்வி: எல்லாரையும் எழுப்பி நடத்த ஆள் இல்லை.

பதில்: எல்லாரும் வேண்டாம். நாளைக்கு ஒருவர் போதும். காலைச் சாப்பாட்டை நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையாலேயே சாப்பிடட்டும். எந்த இடத்தில் நீங்கள் கை கொடுக்க வேண்டியிருந்தது என்று ஒரு வரி எழுதி, அடுத்த ஷிப்ட்காரரிடம் வாயாலும் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் மதியம் அவர் ஊட்டிவிடுவார்.