பெற்றோருடன் ஹாரகேட்டின் மான்ட்பெலியர் பகுதிக்கு ஒரு நாள் போகலாமா? பெட்டிஸ் டீக்கடை வரிசையில் நிற்பது வீணா?

லீட்ஸில் படிக்கிறீர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், ‘கடையும் கஃபேயும் மட்டும்தானே, அதற்கு ஒரு நாளா?’ என்று யோசிக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ரயிலில் 35 நிமிடம்தான். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த என் மாமியாரை ஒரு சனிக்கிழமை அழைத்துப்போனேன். ஸ்டேஷனிலிருந்து நடந்தால் முதலில் கண்ணில் படுவது பெட்டிஸ் டீக்கடை. வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. “டீ குடிக்கவா இம்புட்டுப் பேரு?” என்று மாமியார் நின்றுவிட்டார். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று சரிவில் கீழே இறங்கினோம். அதுவே நல்லதாகப் போயிற்று.

கீழே எண்கோண வடிவில் ஒரு சின்னக் கட்டடம் இருக்கும். 1842இல் கட்டிய ராயல் பம்ப் ரூம், இப்போது அருங்காட்சியகம். ஊருக்கே மூலதனம் அதனடியில் இருக்கும் கந்தக நீர்க் கிணறுதான். 1571இல் வில்லியம் ஸ்லிங்ஸ்பி என்பவர் இந்த வட்டாரத்து ஊற்று ஒன்றைக் குடித்துப் பார்த்து, பெல்ஜியத்தின் ஸ்பா ஊரில் குடித்த தண்ணீர் மாதிரியே இருக்கிறதே என்றாராம். அது இரும்புச் சத்துள்ள ஊற்று. அப்புறம் கந்தக ஊற்றுகளுக்கும் பெயர் பரவி, மூட்டுவலிக்காரர்களும் தோல் வியாதிக்காரர்களும் வந்து குவிந்தார்கள். காலையில் எழுந்ததும் வரிசையில் நின்று இந்தத் தண்ணீரைக் குடிப்பது அன்றைய வைத்தியம். காசு கொடுக்க முடியாதவர்களுக்கு வெளியே இலவசக் குழாய். குடித்தவர்கள் மீதி நாளைப் போக்க வேண்டாமா? அதற்காக வந்தவைதான் நீங்கள் பார்க்கப்போகும் இந்தக் கடைகளும் ஹோட்டல்களும்.

உள்ளே போனதுமே அழுகிய முட்டை வாடை. நான் மூக்கைப் பொத்தினேன். மாமியார் நிதானமாக மோந்துவிட்டு, “கந்தகம்மா இது. எங்க தீப்பெட்டி ஆபீசுல பாக்காததா?” என்றார். அவருக்கு அந்த ஊர் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்து மிட்டாய். ஃபாராஸ் டாஃபி 1840இல் வந்தது, அதுவும் இந்தத் தண்ணீரின் கசப்பு வாயை விட்டுப் போவதற்காக. மூன்று வகைச் சர்க்கரை, வெண்ணெய், கொஞ்சம் எலுமிச்சை வாசனை. செப்புப் பாத்திரத்தில் காய்ச்சுவது. நீலமும் வெள்ளியுமாக டப்பா. மாமியார் ஒரு துண்டை வாயில் போட்டுக் கடிக்காமல் ஒதுக்கிவைத்து, “பாகை நல்லா முத்த விட்டு எடுத்திருக்கான். தட்டுல போட்டா டங்குனு சத்தம் வரணும், அந்தப் பதம்” என்று சொல்லி இரண்டு டப்பா வாங்கினார். வாடையை மோந்துவிட்டு இதைச் சாப்பிட்டால்தான் அருமை தெரியும். நேரே மிட்டாய்க் கடைக்குப் போனால் அது வெறும் மிட்டாய்.

மான்ட்பெலியரில் பழம்பொருள் கடைகள் நிறைய. கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னுவதெல்லாம் வெள்ளி என்று நினைத்து நான் ஒரு கரண்டியை வாங்கிவிட்டேன். ரயிலில் திருப்பிப் பார்த்தால் ‘ஈபிஎன்எஸ்’ முத்திரை. அப்படியென்றால் வெறும் வெள்ளி முலாம். அசல் ஆங்கிலேய வெள்ளியில் நடந்து போகும் குட்டிச் சிங்கம் ஒன்று பொறித்திருக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை.

பக்கத்திலேயே ஓல்ட் ஸ்வான் ஹோட்டல். 1926 டிசம்பரில் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி 11 நாள் காணாமல் போனாரே, கடைசியில் கண்டுபிடித்தது அங்கேதான். கணவரின் காதலியுடைய குடும்பப் பெயரில் அறை எடுத்திருந்தார்! வெளியே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

இனி பெட்டிஸ். 1919இல் ஆரம்பித்தவர் ஃபிரெடெரிக் பெல்மான்ட் என்ற சுவிஸ்காரர். இங்கிலாந்துக்கு வந்து இறங்கியபோது போக வேண்டிய ஊர்ப் பெயர் மறந்துபோய், ‘பிராட்வுர்ஸ்ட்’ (ஒரு ஜெர்மன் சாசேஜ்) மாதிரி ஏதோ என்று மட்டும் நினைவிருக்க, பிராட்ஃபோர்டுக்கு ரயில் ஏற்றிவிட்டார்களாம். பெட்டி யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நாங்கள் மூன்று மணிக்குச் சரிவில் மேலே ஏறி வந்து 40 நிமிடம் நின்றோம். ஃபேட் ராஸ்கல் என்ற பெரிய பன் கேளுங்கள். செர்ரியில் கண்ணும் பாதாமில் பல்லும் வைத்து முகம் செய்திருப்பார்கள். டீ வெள்ளிக் கெண்டியில் வந்தது, வடிகட்டி தனியாக. மாமியார் பால் ஜாடியை முழுசாகக் கவிழ்த்து, சர்க்கரை மூன்று கட்டி போட்டுக் குடித்தார். பரிமாறிய பெண் சிரித்துக்கொண்டே இன்னொரு ஜாடி பால் கொண்டுவந்து வைத்தாள்.

ஆக, வரிசை வீணில்லை. பெற்றோருக்கு நிற்க முடியாது என்றால் அங்கேயே முன்பக்கம் விற்பனைக் கவுண்டர் இருக்கிறது; வாங்கிக்கொண்டு பம்ப் ரூமுக்கு எதிரே வேலி கார்டன்ஸ் (Valley Gardens) பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடலாம். முட்டை சாப்பிடாதவர்கள் என்றால் ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். திரும்பும்போது எல்லாம் ஏற்றம், அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் டாக்ஸி பிடித்து ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள்.