பல் சொத்தைக்குப் பெற்றோரின் கவனக்குறைவுதான் காரணமா?

கேள்வி: நான் ஏற்காட்டில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பலர் சொத்தைப் பல்லோடு வருகிறார்கள். பெற்றோர் பல் துலக்கப் பழக்காததே காரணம் என்று சக ஆசிரியர்கள் கூறுவது சரிதானா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: ஓரளவு சரிதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அந்தப் பெற்றோர்மீது வீண்பழி சுமத்தியவர்கள் ஆவோம்.

நாம் வழக்கில் 'பூச்சிப் பல்' என்றாலும் பல்லை அரிப்பது பூச்சி அன்று. வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையிலிருந்து உண்டாக்கும் அமிலமே. இனிப்பு வாயில் பட்ட பிறகு உமிழ்நீர் அந்த அமிலத்தை முறிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும் என்பதால், எவ்வளவு இனிப்பு என்பதோடு நாளில் எத்தனை முறை என்பதையும் பார்க்க வேண்டும். மலைக்குளிரில் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் வீட்டில் பிள்ளையின் பசியைச் சுருக்கமாக அடக்குவது சர்க்கரை தூக்கலான கடுங்காப்பியும் பன்னுமே. பாலும் பழமும் அந்த விலைக்குக் கிடைப்பதில்லை.

சொத்தை தொடங்கும்போது வலிக்காது. அப்போதே அடைத்துவிட்டால் பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். வலி எடுத்த பிறகு வந்தால், பல்லைக் காப்பாற்ற வேர் சிகிச்சை (பல்லின் உள்ளே கெட்டுப்போன பகுதியை நீக்கி அடைப்பது) தேவைப்படலாம். அதற்குச் சில முறை வர வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லாவிட்டாலும், இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வந்து திரும்பும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. "எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று அவர்கள் சொல்வதை அறியாமை என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. அவர்கள் போடும் கணக்கைக் கேட்ட பிறகு அந்த எண்ணத்தை விட்டேன்.

(சேலம் மாவட்டத்தின் சமவெளியில் சில ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால் பல்லில் பழுப்புக் கறை படிவதுண்டு. அதைச் சொத்தை என்று கொள்ள வேண்டாம்.)

உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் பிள்ளைகள் பள்ளியிலேயே உண்கிறார்கள்; உண்ட பின் சிறிது நேரம் விட்டு, உங்கள் கண்ணெதிரில் பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசையால் துலக்கச் செய்யுங்கள். நுரையைத் துப்பினால் போதும். உடனே நீர்விட்டுக் கொப்பளிக்க விடாதீர்கள். பள்ளிக்கு வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம், வலி இல்லாத பிள்ளைகளின் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.