கூரையில் பேனல், பக்கத்தில் பேட்டரி, பில் மட்டும் அப்படியே

வணக்கம். நான் ஒரு சோலார் பேனல் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். செல் வெளியிலிருந்து வருகிறது, நாங்கள் கோத்து, ஒட்டி, பிரேம் மாட்டிப் பேனலாக அனுப்புகிறோம். மூன்று ஷிப்ட், வாரம் ஒரு நாள் விடுமுறை. மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. நம் பேனலையே கூரையில் போட்டு ஒரு பெரிய பேட்டரியையும் வைத்துவிட்டால் ராத்திரி ஷிப்ட் முழுக்க வெயில் காசிலேயே ஓடிவிடும் என்கிறார் முதலாளி. விற்க வந்தவரும் அதையேதான் சொல்கிறார். எனக்கு ஏதோ இடிக்கிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. கொஞ்சம் விளக்க முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரியான இடத்தில்தான் இடிக்கிறது. உங்கள் ஆலை சராசரியாக 800 கிலோவாட் இழுக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், நாளைக்கு 19,200 யூனிட். கூரையில் 600 கிலோவாட் பேனல் போட்டால், கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் கணக்கில் 2,400 யூனிட் வரும். எட்டில் ஒரு பங்கு, யானைப் பசிக்குச் சோளப்பொரி. உச்சி வெயிலில்கூடக் கூரை தருவதைவிட உள்ளே மிஷின்கள் கேட்பது அதிகம் என்பதால் வந்த மின்சாரம் வந்த நிமிடமே தீர்ந்துவிடும், அப்புறம் பேட்டரியில் எதை நிரப்புவது? விடுமுறை நாளில் வேண்டுமானால் மிச்சம் இருக்கும். கூரைப் பேனலைத் தாராளமாகப் போடுங்கள், அது நல்ல முதலீடாகவே இருக்கலாம், ஆனால் அதைக் காட்டி பேட்டரியை விற்கவிடாதீர்கள்.

பேட்டரிக்கு வேலையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பில்லை எடுத்து யூனிட் கட்டணத்துக்குப் பக்கத்தில் டிமாண்ட் சார்ஜ் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் 15 அல்லது 30 நிமிடச் சராசரியில் அந்த மாதம் எது உச்சமோ அதை வைத்துத்தான் அந்த வரி கணக்காகிறது. மோட்டார் கிளம்பும்போது சில விநாடி குதிக்கும் கரன்ட் அந்தச் சராசரியை அதிகம் அசைக்காது (மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டு டிமாண்டைக் குறைக்கப் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை). உங்களை மாதிரி ஆலையில் உச்சம் ஏறுவது விடுமுறை முடிந்த காலையில்: குளிர்ந்து கிடக்கும் லேமினேட்டர்கள் (பேனலைச் சூடாக்கி ஒட்டும் மிஷின்கள்) எல்லாம் 145 டிகிரி பக்கம் போக ஹீட்டரை முழு வேகத்தில் எரிக்கும், அதே நேரத்தில் சில்லரும் கம்ப்ரசரும் சேர்ந்துகொள்ளும். சூடு ஏறிய பிறகு அதைத் தாங்கிப் பிடிக்க அவ்வளவு மின்சாரம் வேண்டாம். முக்கால் மணி நேரத்துக்கு 350 கிலோவாட் கூடுகிறது என்றால், அதைப் பேட்டரியிலிருந்து கொடுத்து உச்சத்தை வெட்டத் தேவை சுமார் 260 யூனிட்தான். எட்டு மணி நேர ராத்திரி ஷிப்டுக்கு 6,400 யூனிட். இரண்டு பேட்டரிக்கும் விலையில் எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள்.

இன்னும் ஒன்று, இதை விற்பவர் சொல்லமாட்டார். லேமினேட்டர்களுக்கு டைமர் வைத்து, விடியற்காலையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சூடேற்றினால் அந்த 350 கிலோவாட்டில் பெரும்பகுதி பேட்டரி இல்லாமலே கரைந்துவிடும். முதலில் அதைச் செய்யுங்கள், அதற்குப் பிறகும் மிஞ்சும் உச்சத்துக்குத்தான் பேட்டரி.

மலிவான நேரத்தில் வாங்கி வைத்து விலை கூடிய நேரத்தில் செலவழிக்கலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் 100 யூனிட் ஏற்றினால் ஏறத்தாழ 85 யூனிட்தான் கைக்குத் திரும்பும், அதனால் உச்ச நேர விலை 18 சதவீதம் கூடுதலாக இருந்தால் அந்த இழப்பு மட்டும்தான் ஈடாகிறது, பேட்டரி தேய்வதற்கு யார் தருவார்கள்? விலை வித்தியாசம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று இருந்தால் உட்கார்ந்து கணக்குப் போடலாம். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. சாயங்காலம் பேட்டரியைக் காலி செய்துவிட்டீர்கள், ராத்திரி கரன்ட் போய்த் திரும்பி வருகிறது, எல்லா மிஷினும் ஒன்றாகக் கிளம்புகிறது, பேட்டரியில் ஒன்றுமில்லை. அந்த ஒரு கால் மணி நேரம் மாதம் முழுக்கச் சேர்த்த டிமாண்ட் லாபத்தைத் தின்றுவிடும். உச்சத்தை வெட்ட ஒரு பங்கைத் தொடாமல் வைத்தே ஆக வேண்டும். அதே மாதிரி, அந்த நேரத்தில் பேட்டரியே சார்ஜ் ஏற ஆரம்பித்தால் உச்சத்தைக் கூட்டுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

பில்லில் வராத செலவு ஒன்றும் இருக்கிறது, என் கணக்கில் அதுதான் பெரிது. பத்தில் ஒரு விநாடி வோல்டேஜ் சரிந்தாலே மோட்டாருக்குக் கரன்ட் விடும் சுவிட்சான கான்டாக்டர் விட்டுவிடும், வாக்யூம் பம்ப் நின்றுவிடும். லேமினேட்டருக்குள் இருக்கும் பேனலில் செல்லை ஒட்டும் பிளாஸ்டிக் படலமான இ.வி.ஏ. அரைகுறையாக இறுகியிருக்கும், குமிழி கட்டியிருக்கும். ஒட்டிய செல்லைப் பிரித்தெடுத்து மறுபடி செய்யவும் முடியாது, பேனல் குப்பைக்குத்தான். ஒரு வருஷத்தில் இப்படி எத்தனை பேனல் போகிறது என்று உங்கள் ரிஜெக்ட் பதிவேட்டிலிருந்து எடுங்கள். இதற்காகத்தான் பேட்டரி என்றால், கிரிட் (வெளியிலிருந்து வரும் மின்சாரம்) போனதும் சில மில்லி விநாடிகளில் லோடைத் தாங்குமா என்று கேளுங்கள். பல பேட்டரி இன்வெர்ட்டர்கள் கிரிட் இருந்தால்தான் ஓடும், அது போனால் தாங்களும் அணைந்துவிடும்.

உங்களுக்கு முந்தைய கட்டத்தில், செல்லுக்கான மூலப்பொருளைச் செய்யும் ஆலைகளின் கதை வேறு. அந்த மூலப்பொருளான பாலிசிலிக்கனைச் செய்யும் உலை 1,100 டிகிரி பக்கத்தில் நாள்கணக்கில் ஒரே சீராக ஓடும், வெட்டுவதற்கு அங்கே உச்சமே கிடையாது. அதனால்தான் அவர்கள் மின்சாரம் மலிவான இடமாகப் பார்த்து ஆலையையே அங்கே கொண்டுபோகிறார்கள். சீனாவின் சின்ஜியாங்குக்கு நிலக்கரி மின்சாரத்துக்காக, மலேசியாவின் சரவாக்குக்கு நீர்மின்சாரத்துக்காக. அவர்களுடைய கணக்கைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டினால் தலையாட்டாதீர்கள்.

இப்போதைக்கு, ஒரு வருஷத்து 15 நிமிட மீட்டர் பதிவை வாங்குங்கள், மாதத்துக்கு ஒன்றாக உச்சம் ஏறிய நேரங்களைக் குறித்து அப்போது எந்த மிஷின் ஓடியது என்று லாக்புக்கில் பாருங்கள். விலை பேசுவது அதற்கப்புறம். ஒப்பந்தத்தில் பத்தாம் வருஷம் எத்தனை யூனிட் கொள்ளளவு மிஞ்சும் என்றும், கன்ட்ரோலர் சொதப்பி உச்சம் தாண்டினால் அந்த மாதத்து டிமாண்ட் சார்ஜை யார் கட்டுவது என்றும் எழுதி வாங்குங்கள். இரண்டாவதற்கு அவர்கள் சம்மதித்தால் எனக்கும் ஒரு வரி போடுங்கள்.