மூச்சில் இழுக்கும் இன்சுலின்: மாதம் 35 டாலர் எல்லோருக்கும் உண்டா?

கேள்வி: எனக்கு 57 வயது. டெக்சாஸில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை. டைப் 2 சர்க்கரை நோய்க்காகச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போடுகிறேன். மூச்சில் இழுக்கும் அஃப்ரெஸ்ஸாவுக்கு மாறலாம் என்கிறார் மருத்துவர். மெடிகேரில் (பெரும்பாலும் முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) இருக்கும் என் அத்தான், "மாதம் 35 டாலர்தான், சட்டமே இருக்கு" என்கிறார். மருந்துக் கடையில் பல நூறு டாலர் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். அத்தானுக்குப் பொருந்தும் அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. மெடிகேரின் மருந்துக் காப்பீடான பார்ட் டி-யில் இருப்பவர்களுக்கு, அவர்கள் திட்டத்தின் மருந்துப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் இன்சுலினுக்கும் மாதம் 35 டாலர் என்ற வரம்பு 2023 ஜனவரியில் வந்தது. நீண்ட நேர இன்சுலினும் சேர்த்துப் போடுபவர் 70 டாலர் வரை கட்ட நேரும்.

உங்களுடையது அலுவலகக் காப்பீடு. பல மாநிலங்கள் இன்சுலினுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாமே ஏற்கின்றன. காப்பீட்டு கம்பெனி நிர்வாகத்தை மட்டும் பார்க்கும். அத்தகைய 'செல்ஃப் ஃபண்டட்' திட்டங்களை மாநில வரம்பு கட்டுப்படுத்தாது. உங்களுடையது எந்த வகை என்று எச்.ஆரிடம் முதலில் கேளுங்கள்.

பிறகு காப்பீட்டு கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். அஃப்ரெஸ்ஸா பட்டியலில் இருக்கிறதா, முன் அனுமதி வேண்டுமா, டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்கும்முன் ஆண்டுதோறும் நீங்களே கட்டவேண்டிய தொகை) தீரும்முன்பே பணம் தருவார்களா? எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) கணக்குள்ள திட்டங்களும் இன்சுலினுக்கு அப்படித் தரலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. தயாரிப்பாளரின் சலுகை அட்டை தனியார் காப்பீட்டுக்காரர்களுக்கானது, அத்தான் அதைப் பயன்படுத்த முடியாது. நீங்கள் பயன்படுத்தினாலும், அட்டை கழித்த தொகையைப் பல திட்டங்கள் உங்கள் டிடக்டிபிளில் சேர்ப்பதில்லை.

பலர் கோட்டை விடுவது அளவில்தான். இந்த மருந்து 4, 8, 12 யூனிட் குப்பிகளாகத்தான் வருகிறது. வேளைக்கு ஒரு குப்பி போதும் என்றால், மூன்று வேளைக்கு 90 குப்பிப் பெட்டி 30 நாள் வரும். வேளைக்கு 20 யூனிட் தேவைப்பட்டால் இரண்டு குப்பி, மாதம் 180. ஊசியில் எடுக்கும் யூனிட்டை அப்படியே வைத்துக் கணக்குப் போடாதீர்கள்; மூச்சில் இழுக்கும்போது பலருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். மருத்துவரிடம் எதிர்பார்க்கும் அளவைக் கேட்டு, ஆண்டுச் செலவாகப் பாருங்கள்.

நுரையீரல் பரிசோதனைக்கும் தனி பில் வரும்: தொடங்கும்முன், ஆறாம் மாதம், பிறகு ஆண்டுதோறும். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருப்பவர்கள் இதை எடுக்கவே கூடாது. புகைப்பவர்களுக்கும் அண்மையில் விட்டவர்களுக்கும் பரிந்துரைப்பதில்லை. எனவே பரிசோதனை முடிவு வந்தபின் மருந்துக்குப் பணம் கட்டுங்கள். முன் அனுமதி மறுக்கப்பட்டால் மருத்துவர் வழியாக மேல்முறையீடு செய்யுங்கள். அது முடியும்வரை ஊசி ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.